ஒடித்த கைக்குக் கட்டுப் போட்டவர்

தேவகிருபை அம்மாளை வேலையிலிருந்து நீக்கியது தவறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட விஷயத்தைக் கடைசிப் பத்தியில் பட்டும் படாமலும் தொட்டுவிட்டுப் போவது வழக்கம். எனக்கு அந்த வழக்கம் இல்லை. ஒருவருடைய வலது கை ஒடிந்தது உண்மை. ஒடித்தவர் தேவகிருபை அம்மாள் என்பதும் உண்மை. அதற்காக, பதினான்கு வருஷம் பிரசவம் பார்த்த ஒரு நர்ஸைப் பற்றி, "கொடூர சுபாவம் உள்ளவர், தாய்மார்களைத் தொடத் தகுதியற்றவர்" என்று அவர் வேலை பார்த்த பிரசவ விடுதியின் நிர்வாகக் குழு தன் ஏட்டில் எழுதி வைத்தது பொய். பொய் இன்னும் ஏட்டில் இருக்கிறது. அவர் இல்லை.

செய்தியைக் கொண்டுவந்தவள் எல்லம்மா. மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து செங்கற்பட்டுக்குக் காலை பஸ்ஸில் மீன் கொண்டுவந்து விற்பவள். அன்று கூடை இல்லாமல் வந்தாள். நான் ஒரு ரவிக்கைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்றபடியே சொன்னாள்.

"தையக்காரம்மா, மிசின நிறுத்து. நம்ம நர்சம்மா பூட்டாங்க."

"எப்போ?"

"முந்தாநாளு. செய்யூர்ல, அண்ணன் வூட்லதான். நாலு நாளா காச்சலாம். நேத்து பொதைச்சிட்டாங்க. நமக்கு ஒரு சேதி சொல்லணும்னு யாருக்கும் தோணலே பாரு."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். பிறகு, "ஏட்ல கீற அந்த எயுத்த அயிச்சாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப நீ எயுது. உனக்குத்தான் எயுதத் தெரியுமே" என்றாள். அதனால் எழுதுகிறேன். இந்த இதழைப் படிக்கும் பெண்களில் பாதிப்பேருக்கு அவரைத் தெரியும். உங்கள் பிள்ளைகளை முதலில் தொட்டவர் அவர்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. தமிழை நானே படித்தேன், பிறகு ஓர் அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலீஷையும் நானே படித்தேன். தேவகிருபை என்னைத் தேடி வந்ததற்கு அந்த அகராதிதான் காரணம். ஐந்து வருஷம் இருக்கும். வெள்ளை ரவிக்கை இரண்டு தைக்க வேண்டும், கையை நன்றாகத் தூக்க வருகிற மாதிரி அக்குளில் ஒரு துண்டு சேர்க்க வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். பையிலிருந்து அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை எடுத்து மெஷின் மேல் வைத்தார். மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்த அவருடைய அண்ணன் யுத்தம் முடிந்து திரும்பும்போது கொண்டுவந்ததாம். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஜப்பான்காரர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். ஜுஜுத்சு என்ற தற்காப்பு வித்தை. மருந்துச் சீட்டு வாசிக்கிற அளவுக்குத்தான் அவருக்கு இங்கிலீஷ் வரும். இதைப் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"சவுக்குத் தோப்பு வழியில ஒருத்தர் ரெண்டு தடவை நின்னுட்டிருந்தார் அக்கா. தொடலை, ஒண்ணும் செய்யலை. வழியை மறிச்சுக்கிட்டுச் சிரிச்சார். நான் 'மன்னிக்கணும், மன்னிக்கணும்'னு சொல்லிட்டு முள்ளுல இறங்கிச் சுத்திக்கிட்டுப் போனேன். எதுக்கு மன்னிப்புக் கேட்டேன்னு வீட்டுக்கு வந்துதான் யோசிச்சேன்."

அந்த வழியை விட்டால் கால்வாய்க்கு அக்கரையில் உள்ள ஊர்களுக்குப் போக அவருக்கு வேறு வழி கிடையாது.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, கோயில் ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து வருவார். தையல் அறையில் வைக்கோல் பரப்பி, மேலே ஒரு தார்ப்பாய் விரித்தேன். அந்தப் புத்தகத்தில் அறுபது படங்கள். முதல் பன்னிரண்டும் விழுவது பற்றியவை. அடுத்தவரைத் தள்ளக் கற்றுக்கொள்வதற்கு முன், தான் அடிபடாமல் விழக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது. எனக்கு வயது ஐம்பத்தேழு, அவருக்கு நாற்பத்துமூன்று. இரண்டு மாதம் விழுந்தோம். பக்கத்து வீட்டு ஜட்கா வண்டிக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டார்.

"இன்னா தையக்காரம்மா, ஞாயித்துக்கியமையானா வூட்டுக்குள்ள எருமை வுயுவுது?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து தேவகிருபையின் குரல் வந்தது. "ரெண்டு எருமைங்க அண்ணாத்த. அடுத்த தடவை இன்னொண்ணு வருது."

அந்த மூன்றாவது ஆள் எல்லம்மா. தேவகிருபை அவள் மகளுக்குப் பிரசவம் பார்த்த பழக்கம். நான் புத்தகத்தில் உள்ளபடி, கழுத்துப்பட்டியும் நீளக் கையும் வைத்த இரண்டு கோட்டுகளைச் சாக்கில் தைத்து முடித்திருந்தேன். ஒரு வாரத்து வேலை. சாக்கு ஊசி குத்தி விரலெல்லாம் புண். எல்லம்மா ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"இத்த யாரு போட்டுக்கறது?"

"எதிரி" என்றேன். "எதிரியோட கழுத்துப்பட்டியைப் பிடிச்சுத்தான் தள்ளணும்."

"எதிரி கோட்டு மாட்டிகினு வருவானா? எங்க பக்கத்து ஆம்பளைங்க கோமணத்தோட கீறாங்க. எத்த புடிச்சித் தள்ளுவே நீ?"

தேவகிருபை தார்ப்பாயில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் எல்லம்மா சொன்னது சரி. கழுத்துப்பட்டி, சட்டைக்கை, இடுப்புக் கச்சை என்று துணியைப் பிடிக்கிற படங்களையெல்லாம் அன்றே தள்ளிவிட்டோம். விழுகிற படங்கள் போக, பதினொன்று மிஞ்சின. அவை எல்லாமே மணிக்கட்டு, முழங்கை, விரல், தோள் மூட்டு இவற்றைப் பிடித்து மடக்குபவை. ஆளைத் தள்ளிவிட்டு ஓட உதவும் படங்கள் போய்விட்டன, ஆளைப் பிடித்து வைக்கும் படங்கள் நின்றன. இதன் விளைவு என்ன என்று நாங்கள் மூவரும் அப்போது யோசிக்கவில்லை. ஜப்பான் பெயர்கள் வாயில் நுழையாததால் படத்தின் எண்ணைத்தான் சொல்வோம். தேவகிருபைக்கு நன்றாக வந்தது பதினேழு. கையைப் பிடித்தவனின் மணிக்கட்டைத் திருப்பி, அவன் முழங்கையைத் தன் முன்கையால் கீழே அழுத்துவது.

புத்தகத்தில் இன்னொன்று இருந்தது. பிடியில் அகப்பட்டவர் வலி பொறுக்க முடியாதபோது எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டிய உடனே மற்றவர் விட்டுவிட வேண்டும். நான் தட்டமாட்டேன். தோற்றேன் என்று கையால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபத்துமூன்றாம் படத்தில் என் தோள் மூட்டு நழுவிவிட்டது. தேவகிருபை என்னைப் படுக்கவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே கையை மெல்ல இழுத்து மூட்டை இடத்தில் சேர்த்தார். அதுவரை கோபத்தைக் காட்டவில்லை. சேர்ந்த பிறகுதான் திட்டினார்.

"தட்டறது தோத்துட்டேன்னு சொல்றதில்லை அக்கா. போதும்னு சொல்றது. வலி வந்தா வாயே திறக்காத பொம்பளைங்க எத்தனை பேரை நான் பார்த்திருக்கேன் தெரியுமா? கடைசியிலதான் கூப்பிடுவாங்க. அப்ப நான் போய் என்ன செய்யறது?"

அதற்குப் பிறகு நான் ஒரு விதி எழுதிச் சுவரில் ஒட்டினேன். எல்லம்மா எனக்கு நேர் எதிர். தொட்டாலே, "ஐயோ பூட்டுது, பூட்டுது" என்று கத்திக்கொண்டே சிரிப்பாள். கத்தியதற்கெல்லாம் விட்டால் எந்தப் படமும் முடியாது. ஆகவே விதி இது: "வாய்க்குக் காது கொடுக்காதே. கை தட்டினால் அந்தக் கணமே விடு." புத்தகத்தில் பாதிதான் இருந்தது. முதல் வாக்கியம் என்னுடையது. தேவகிருபை அதை ஒரு முறை வாசித்துவிட்டு, "கத்தறவங்களுக்குக் காது கொடுக்காம இருக்கறது எனக்குப் பழக்கமில்லையே அக்கா" என்றார். பழகிக்கொள் என்றேன். பழகிக்கொண்டார்.

அந்த இரண்டு வருஷத்தில் அவரிடம் ஒரு மாற்றம் வந்தது. திருக்கழுக்குன்றத்தில் ஒரு பெரிய வீட்டில் பிரசவத்துக்குப் போனால், அவரைக் கொல்லைப்புறமாக வரச் சொல்வார்கள். மாட்டுக் கொட்டிலைச் சுற்றி, கிணற்றடியில் நின்று, யாராவது கூப்பிடும்வரை காத்திருப்பார். அந்த வீட்டின் இரண்டாம் பிரசவத்துக்குப் போனபோது நேரே தெரு வாசலில் நின்று, "முன் கதவைத் திறங்க. கர்ப்பிணி இருக்கிற அறைக்கு இதுதான் கிட்டே" என்று சொன்னாராம். திறந்தார்கள். இதை என்னிடம் பெருமையாகச் சொல்லவில்லை. ரவிக்கைக்கு அளவு கொடுத்துக்கொண்டே சொன்னார். பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "போகலை. முன்னே பயந்தா கால் நின்னுடும். இப்ப பயந்தாலும் கால் போகுது" என்றார். இந்த வித்தையைப் பற்றி அவர் சொன்ன இன்னொன்றும் உண்டு. "பிரசவம் மாதிரிதான் அக்கா இதுவும். நாம இழுக்கக் கூடாது. அது எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் வழி விடணும்."

இனி அந்தக் கை. அக்கரையில் ஒரு பிரசவத்தை முடித்துவிட்டு மத்தியானம் திரும்பிக்கொண்டிருந்தார். சவுக்குத் தோப்பில் அதே ஆள். விடுதி நிர்வாகக் குழுத் தலைவரின் மைத்துனர். கோட்டு இல்லாத எதிரிக்காகவே நாங்கள் பழகியிருந்தோம். அவர் அன்று பட்டு ஜிப்பா போட்டிருந்தார். இந்த முறை வழியை மறித்ததோடு நிற்காமல் கையைப் பிடித்தார். நாற்பதடி பின்னால் எல்லம்மா கூடையோடு வந்துகொண்டிருந்தாள். நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கைய வுடுங்க, கைய வுடுங்கன்னு நர்சம்மா மூணு வாட்டி சொன்னாங்க. அவரு இளிச்சிகினு இன்னும் கிட்ட இயுத்தாரு. அப்பறம் இன்னா ஆச்சின்னு என் கண்ணுக்கே தெரியலே. அவரு மண்டி போட்டுகினு கீறாரு, கை மட்டும் நர்சம்மாகிட்ட கீது. கத்தறாரு. நர்சம்மா, 'தட்டுங்க, தட்டுங்க, தட்டினா வுட்டுடறேன்'றாங்க. அவரு இன்னாத்தத் தட்டுவாரு, பாவம்? இன்னொரு கையால பொடவையப் புடிச்சி இயுக்கறாரு. படக்குனு ஒரு சத்தம்."

சத்தம் கேட்டதும் தேவகிருபை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததுதான் ஏட்டில் இல்லாதது. அவர் ஓடவில்லை. மணலில் அந்த ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து, எலும்பு எங்கே விட்டிருக்கிறது என்று தடவிப் பார்த்தார். "எல்லம்மா, கூடையை இறக்கு. சவுக்குக் குச்சி ரெண்டு ஒடிச்சுக் குடு, நேரா இருக்கறதாப் பார்த்து" என்றார். பையிலிருந்த பஞ்சை வைத்து, குச்சிகளைச் சேர்த்துக் கட்டி, தன் துண்டால் கையைக் கழுத்தோடு தொங்கவிட்டார். ரோடு வரைக்கும் தாங்கி நடத்திக்கொண்டு போய், ஒரு வண்டியை நிறுத்தி, செங்கற்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எலும்பு பார்த்த டாக்டரின் மனைவிக்கு நான்தான் ரவிக்கை தைக்கிறேன். அவர் வீட்டிலேயே டாக்டர் என்னிடம் சொன்னார்: "கட்டினது யாருன்னு கேட்டேன். ஒடிச்சவங்கன்னு சொன்னான். நான் நம்பலை. அப்படிக் கட்டத் தெரிஞ்சவங்க இங்கே நாலு பேர் கூட இல்லை." கை நேராகக் கூடியது.

தலைவலிக்கு மாத்திரை கேட்டதற்காக அந்த நர்ஸ் தன்னைத் தாக்கினாள் என்று மைத்துனர் எழுதிக் கொடுத்தார்.

விசாரணைக்கு நானும் எல்லம்மாவும் கூடப் போனோம். எங்களை உள்ளே விடவில்லை. எல்லம்மாவைக் கூப்பிடுங்கள் என்று தேவகிருபை கேட்டதற்கு, மீன் விற்கிறவள் சாட்சி எதற்கு என்று ஒருவர் சொன்னார். ஜன்னல் திறந்திருந்தது. செயலாளர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அவர் கத்தினார் இல்லையா?"

"கத்தினார் ஐயா."

"உங்க காதுல விழுந்ததா?"

"விழுந்தது."

"அப்புறம் ஏன் விடலை?"

"அவர் தட்டலை."

யாரோ சிரித்தார்கள். தேவகிருபை தொடர்ந்தார். "எங்க பழக்கம் அப்படி ஐயா. தட்டினா விடணும். அவருக்கு அது தெரியாதுன்னு அந்த நேரத்துல எனக்குத் தோணலை. அது என் தப்பு."

தப்பு என்ற அந்த ஒரு வார்த்தையைச் செயலாளர் எழுதிக்கொண்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த விதியை எழுதியது நான், என்னைக் கேளுங்கள் என்று சொன்னேன்.

"நீங்க யாரும்மா?"

"தையல்காரி."

"அப்ப போய்த் தையுங்க."

கடைசியில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அந்த மனிதரைப் பிடித்ததற்காக வருந்துகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும், வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்றார்கள். தேவகிருபை அதை இரண்டு முறை வாசித்தார்.

"கை ஒடிஞ்சதுக்கு வருத்தம்னு எழுதித் தர்றேன் ஐயா. அவர் வந்தா கட்டுப் பிரிச்சு, எண்ணெய் தேய்ச்சு விடறேன். புடிச்சதுக்கு வருத்தம்னு எழுத மாட்டேன்."

அன்று மாலையே நீக்கினார்கள். அவருடைய நர்ஸ் சர்டிபிகேட்டை விசாரணைக் காகிதம் என்று பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். சர்டிபிகேட் இல்லாமல் வேறு எந்த விடுதியிலும் அவரைச் சேர்க்கவில்லை. செய்யூரில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, கூப்பிட்டவர்கள் குடிசைக்குப் போய்ப் பிரசவம் பார்த்தார். நான் ஒரு வருஷம் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. விதி என்னுடையது என்று அவர் ஏன் உள்ளே சொல்லவில்லை என்ற கோபம். பிறகு போனேன். வேர்க்கடலை பிடுங்கிய நிலத்தில் நின்றுகொண்டிருந்தார். கேட்டேன்.

"சொல்லி? உங்ககிட்டேருந்து எந்த வேலையைப் பிடுங்குவாங்க, ஊசியையா?" என்றார். பிறகு, "விதி உங்களுது அக்கா. கை என்னுது" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. மண் பொலபொலவென்று இருந்தது. விழுந்து பார்க்கலாமா என்று கேட்டார். இருவரும் ஒவ்வொரு முறை விழுந்து எழுந்தோம். அதுதான் கடைசியாகப் பார்த்தது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் புத்தகம். ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும், எந்த எலும்பு, எவ்வளவு தாங்கும் என்று பென்சிலால் குறித்திருக்கிறார். இன்னொன்று, ஒடிந்ததற்கும் பிடித்ததற்கும் நடுவே அவர் போட்ட கோடு. அறுபத்திரண்டு வயதில் எனக்கு அந்தக் கோடு இப்போதுதான் தெரிகிறது. நான் செய்த தவறுக்கும் மற்றவர்கள் செய்த தவறுக்கும் நடுவே அதைப் போட்டுப் பார்க்கிறேன். என் பக்கம் இருப்பதை நான் ஏற்கிறேன். அவர்கள் பக்கம் இருப்பதில் நான் விட்டுக் கொடுக்கப் போவதில்லை.

என் வேலையை நான் செய்துவிட்டேன். சுவரில் இருந்த விதியைக் கிழித்து, வேறு எழுதி ஒட்டியிருக்கிறேன்: "தட்டினால் விடு. தட்டத் தெரியாதவன் கத்தினால் அழுத்துவதை நிறுத்து."

மீதி வேலை மற்றவர்களுடையது. குழுத் தலைவர் அடுத்த கூட்டத்தில் ஏட்டில் உள்ள அந்த வாக்கியத்தை அடித்து, அடித்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பீரோவைத் திறந்து, சர்டிபிகேட்டைச் செய்யூரில் உள்ள அண்ணன் கையில் கொடுக்க வேண்டும், தபாலில் அனுப்பக் கூடாது. டாக்டர், தன் வீட்டுக் கூடத்தில் என்னிடம் சொன்னதை ஒரு காகிதத்தில் எழுதித் தர வேண்டும். அவருக்கு அது ஐந்து நிமிஷ வேலை. மைத்துனருக்கு நான் தண்டனை கேட்கவில்லை. யார் கையை யார் முதலில் பிடித்தது என்று அவர் குழுவில் உள்ள ஒன்பது பேர் முன்னால் சொல்ல வேண்டும். இப்போது அங்கே வந்திருக்கும் புது நர்ஸ் துணைக்கு ஆள் இல்லாமல் தோப்பைத் தாண்ட மாட்டேன் என்கிறாராம். அவர் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வர வேண்டும். இதைப் படிக்கும் தாய்மார்கள், தேவகிருபை எடுத்த பிள்ளையின் பெயரை எழுதி, ஆளுக்கு ஒரு கார்டு குழுவுக்குப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வந்தால் எழுதித் தருகிறேன்.

எல்லம்மா செய்ய வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை. அவள் பார்த்ததை மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளை உள்ளே அழைத்து, நாற்காலி போட்டு, அவள் சொல்வதை ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்ள வேண்டியவர் செயலாளர்.